வேலியோரத்து வாசகர்

அளவெட்டியில் பிறந்தவனுக்குக் கடல் தூரமில்லை. சைக்கிளை எடுத்தால் அரைமணி நேரத்தில் கீரிமலையிலோ மாதகலிலோ போய் நிற்கலாம். ஆயினும் எங்களூர் செம்மண்ணைப் பார்த்தே வாழ்ந்த ஊர். புகையிலை, வெங்காயம், வெற்றிலைக் கொடி, கிணற்றின் நீர்மட்டம் இவைதாம் எங்கள் கவலைகள். ஆடி அமாவாசையன்று முழுகுவதற்குக் கடல் வேண்டும். கறிக்கு மீன் வேண்டும். அதற்குமேல் கடலோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இருக்கவில்லை. இத்தகைய ஓர் ஊரைச் சாண்டில்யனின் ‘கடல் புறா’ எப்படி ஆட்டிவைத்தது என்பதை இப்பொழுது நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

1970ஆம் ஆண்டை ஒட்டிய காலம். நான் மேல்வகுப்பு மாணவன். எங்கள் குறிச்சியில் ஒரு சிறிய வாசிகசாலை இருந்தது. ஓலைக் கூரை, சாணி மெழுகிய திண்ணை, இரண்டு வாங்குகள், ஒரு மேசை. குமுதத்தில் வாரந்தோறும் வந்த பக்கங்களைக் கழற்றிக் கோணூசியால் தைத்து, தடித்த மட்டை போட்டுக் கட்டிய மூன்று பாகங்கள் அங்கே கைமாறிக் கைமாறி நைந்துபோய்க் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பது வழக்கம். குரல் தெளிவாக இருந்தபடியால் வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாலூர்ப் பெருந்துறையில் இளையபல்லவன் கருணாகரன் வந்திறங்கிய நாள் முதல் எங்கள் தோட்ட வேலைகள் சற்றுப் பிந்தியே தொடங்கின. கதாநாயகிகளின் மேனியழகை ஆசிரியர் வருணிக்கப் புறப்படும் இடங்களில் மட்டும் நான் இருமிவிட்டு ஒரு பக்கத்தைத் தாண்டிவிடுவேன். பிறகு அந்தப் பக்கத்தைத் தனியே படிப்பதற்கு இளைஞர்களுக்குள் போட்டி நடக்கும்.

அபிப்பிராயங்களுக்குக் குறைவே இல்லை. மாணவர்களாகிய எங்களுக்கு அதன் வேகம் பிடித்திருந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் வாள் ஓங்கிய நிலையிலோ கதவு திறக்கும் தறுவாயிலோ முடியும். அடுத்த ஞாயிறு வரை நித்திரை வராது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப் பரணியில் போற்றப்படும் குலோத்துங்கனின் படைத்தலைவன் என்றும், இராசேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்தது 1025ஆம் ஆண்டளவில் என்றும் இடையிடையே விளக்கம் சொல்வார். “தமிழன் கடலை ஆண்டவன், தம்பி. அதை மறந்துதான் இந்த நிலைக்கு வந்தம்” என்று அவர் பெருமூச்சு விடும்போது எங்கள் நெஞ்சு நிமிரும். அந்தச் சோழர்தாம் அனுராதபுரத்தையும் அழித்தார்கள் என்பதை அன்று எவரும் அந்தத் திண்ணையில் சொல்லவில்லை. எங்கள் சின்னம்மா வாசிகசாலைக்கு வருவதில்லை. பெண்கள் எவருமே வருவதில்லை. அவர் இரவில் விளக்கடியில் தாமே படித்துவிட்டு, காஞ்சனாதேவிக்கும் மஞ்சளழகிக்கும் நடுவில் அந்த வீரன் படும் அவதியைப் பற்றி ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னார்: “அவனுக்கென்ன, கப்பலிலை ஏறிப் போடுவான், காத்திருக்கிறது அதுகள்தானே.”

சங்கக்கடையில் வேலை பார்த்த தோழர் ஒருவர் மட்டும் வாசிப்பு நடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்திரிகை படிப்பார். எனக்கு மார்க்சிய நூல்களை முதன்முதல் தந்தவர் அவர். அளவெட்டி அ. ந. கந்தசாமியைத் தந்த ஊர், மஹாகவியைத் தந்த ஊர், அ. செ. முருகானந்தன் வாழ்ந்த ஊர், அங்கே போய் இந்தக் குப்பையா என்பது அவருடைய கேள்வி. இத்தகைய சஞ்சிகைகள் இந்தியாவிலிருந்து வருவதை அரசாங்கம் நிறுத்த வேண்டும் என்பார். முற்போக்கு எழுத்தாளர்கள் அக்கோரிக்கையை நெடுநாளாக எழுப்பி வந்தனர். 1970களின் முற்பகுதியில் கட்டுப்பாடு வந்தும்விட்டது. அதனால் நன்மை விளையவில்லை என்று சொல்லமாட்டேன். ஈழத்து நாவல்களுக்கு வாசகர் பெருகினர். நெடுந்தீவில் வாடைக்காலத்து மீனவர் வாழ்க்கையைச் சொன்ன செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ வெளிவந்ததும் அந்த ஆண்டுகளிலேதான். நானும் அந்தத் தடைக்காக வாதாடியவனே. ஆனால் வாதாடியபோதெல்லாம் ஒருவருடைய முகம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் மயிலிட்டியிலிருந்து மீன் கொண்டு வருபவர். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி. ஞாயிறு காலை வியாபாரம் முடிந்து திரும்பும் வழியில், வாசிகசாலை வேலிக்கு வெளியே பூவரச நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று கேட்பார். உள்ளே வரும்படி ஒரு தடவை சும்மா சொன்னேன். “மீன் மணக்கும் தம்பி, இதிலையே நிக்கிறன்” என்றார். மீன் மணத்தை நாங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டோம். அது அனைவருக்கும் வசதியான காரணமாக இருந்தது. எங்கள் தோட்டங்களிலே உழைத்த மக்களுக்கு அந்த வசதியான காரணம்கூடத் தேவைப்படவில்லை. அவர்கள் அந்த ஒழுங்கையால் போகும்போது வாசிகசாலைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இதற்குச் சிறிது காலத்துக்கு முன்புதான், 1968இல், மிக அருகே மாவிட்டபுரத்தில் கோயில் கதவு திறப்பதற்கான போராட்டம் நடந்திருந்தது. திண்ணையில் அமர்ந்து நாங்கள் சோழரின் கடற்படையை வியந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

மீன்காரருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்களில் எவரையும்விடக் கவனமாகக் கேட்டவர் அவர்தான். தொழில் காரணமாக ஒரு வாரம் தவறிவிட்டால், தவறிய கதையை நான் சொல்லவேண்டும். அதற்குக் கூலியாக ஒரு பிடி சூடை மீன் தருவார். கடற்கொள்ளைக்காரன் அகூதா வரும் இடமென்றால் அவருக்கு உற்சாகம் தாங்காது. கடல்புறாவைப்போல ஒரு கப்பலைக் கட்டலாமா என்று கேட்டதற்கு, “வடிவாய்த்தான் இருக்கும்” என்றார். அதற்குப் பிறகே அவருடைய ஐயங்கள் தொடங்கின.

“தம்பி, அது எந்தக் காத்திலை போகுது? வாடையோ சோளகமோ?”

புத்தகத்தைப் புரட்டினேன். எனக்குக் கண்ணில் படவில்லை. “குடிதண்ணி எத்தினை பீப்பா ஏத்தினவை?” என்றார் மறுவாரம். இன்னொரு நாள், பெரிய கடற்சண்டை ஒன்று முடிந்து கருணாகரன் தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்க்கும் கட்டத்தில், மெதுவாகக் கேட்டார்: “அடிபட்ட கப்பலுக்குள்ளை தண்ணி வந்திருக்குமே. ஆர் நிண்டு இறைக்கிறது?”

வாசிகசாலையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தமிழாசிரியர், “அதுக்கெல்லாம் மாலுமியள் இருப்பினம்” என்று பொறுமையாக விடை சொன்னார். மாலுமிகள்! தலைவர்களுக்கும் உபதலைவர்களுக்கும் பெயர்கள் உண்டு. குலமும் கண்ணின் நிறமும்கூட உண்டு. பாயை ஏற்றியவனும் துடுப்பு வலித்தவனும் சோறு பொங்கியவனும் மாலுமிகள் என்ற ஒரு சொல்லுக்குள்ளே அடங்கிவிட்டார்கள். இந்தக் குறை சாண்டில்யனுக்கு மட்டும் உரியதன்று. சபாட்டினியின் ‘கப்டன் பிளட்’டைப் பின்னாளில் படித்தபோது அங்கேயும் இதைத்தான் கண்டேன். இவ்வகைக் கதையில் கடல் என்பது வீரன் நிற்பதற்குப் போட்ட மேடை.

இன்னொரு ஞாயிறு நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியர் கடாரப் பெருமையில் திளைத்திருந்த வேளையில் மீன்காரர் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னார்: “எங்கடை வல்வெட்டித்துறைக் கப்பல் ஒண்டு பாய் விரிச்சு அமெரிக்கா மட்டும் போனது தெரியுமோ? எங்கடை ஆக்கள்தான் ஓடினவை. நான் சின்னப் பொடியனாய் அந்தத் துறையிலை வேலை செய்தனான்.” அன்றைக்கு எழுந்த சிரிப்பு தண்ணீர் இறைத்த கதைக்கு எழுந்ததைவிடப் பெரிது. “அண்ணை தானும் ஒரு கடல்புறா எழுதுறார்” என்று யாரோ சொன்னார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போனார்.

அவர் சொன்னது உண்மை. பல ஆண்டுகளுக்குப் பின் தற்செயலாக ஒரு கட்டுரையில் படித்து அறிந்தேன். வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி வாங்கினார். வல்வெட்டித்துறைத் தண்டையல் ஒருவரும் ஒரு சில மாலுமிகளும் அதைச் சூயசு வழியாகக் கொண்டுசென்று, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்சு மாநிலத்தின் குளொசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பலின் பெயரும் மாற்றப்பட்டது. புறா வடிவில் ஒருவர் கற்பனை செய்த கப்பலை மூன்று பாகமும் ஐயமின்றி நம்பிய நாங்கள், இருபது மைலுக்குள் கட்டி ஓட்டப்பட்ட கப்பலைப் பொய் என்று சிரித்தோம். நாவல் எங்களை ஏமாற்றியது என்று பழி போட எனக்கு மனமில்லை. எவர் சொன்னால் நம்புவது, எவர் சொன்னால் சிரிப்பது என்பதை நாங்கள் அந்தப் புத்தகத்தைத் திறக்குமுன்பே முடிவு செய்திருந்தோம்.

தோழருடன் எனக்கு மாறுபாடு வந்ததும் இந்த இடத்தில்தான். அந்தக் கதை அவருக்கு மக்களை மயக்கும் நஞ்சு. ஆனால் எழுத்தறியாத ஓர் உழைப்பாளிக்கு எங்கள் ஊர் கொடுத்த ஒரே இலக்கியம் அதுவாக இருந்தது. அதைக் கேட்டு அவர் மயங்கிவிடவுமில்லை. ரசித்தார், ரசித்துக்கொண்டே கேள்வி கேட்டார். நல்ல விமரிசகன் செய்வது வேறென்ன? அவருடைய கடலை அறிந்து எழுதிய நூல் ஒன்றை நாங்கள் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அது எங்களூரிலேயே பிறந்தது. மஹாகவியின் ‘புதியதொரு வீடு’ என்ற பா நாடகத்தில், கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. இறந்தான் என்றே எண்ணிய குடும்பம் வேறொரு வாழ்வைக் கட்டியெழுப்பிய பின் அவன் உயிரோடு வந்து நிற்கிறான். அங்கே கடல் மேடையன்று. அடுப்பில் உலை வைக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது அது. 1971இல் மஹாகவி காலமானார். அந்த நாடகத்தை நான் படித்தது அதற்கும் பிறகு. வாசித்துக் காட்ட வேண்டும் என்று எண்ணினேன், எண்ணியதோடு சரி.

1990இல் வலிகாமம் வடக்கின் கரையோர மக்கள் பெயர்க்கப்பட்டார்கள். மயிலிட்டி மீன் வருவது நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது நானும் குடும்பத்தோடு வெளியேறினேன். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு நள்ளிரவில் கிளாலி கடலேரியைக் கடந்தோம். அதுவே என் முதற் கடற்பயணம். ஒரே இயந்திரப் படகின் பின்னால் பல படகுகளைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். விளக்கில்லை. குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டிருந்தனர். பாரம் மிகுந்து தண்ணீர் உள்ளே ஏறிற்று. ஓட்டியாக நின்ற இளைஞன் ஒரு பால்மாப் பேணியை என்னிடம் நீட்டி, “அண்ணை, குனிஞ்சு இறையுங்கோ. நிப்பாட்டாதேங்கோ” என்றான். கரை சேரும் வரை இறைத்தேன். தொடுவானத்தைப் பார்க்க எனக்கு நேரமிருக்கவில்லை.

போரின் பின் ஊர் திரும்பினோம். வாசிகசாலை இருந்த இடத்தில் நாயுருவியும் சப்பாத்திக் கள்ளியும். மூன்று பாகமும் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. புதிய பதிப்பை யாழ்ப்பாணத்தில் வாங்கி மறுபடியும் படித்தேன். எழுபதை நெருங்கிய வயதிலும் அது என்னை இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கச் செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2017 யூலையில் மயிலிட்டித் துறை இருபத்தேழு ஆண்டுகளின் பின் மக்களிடம் கையளிக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை அங்கே போயிருந்தேன். இடிந்த சுவர்களுக்கு நடுவே இரண்டொரு படகுகள் கரையில் கிடந்தன. வலை தெரிந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து, “ஆரைத் தேடுறியள்?” என்று கேட்டார். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நாங்கள் அவரை மீன்காரர் என்றும், எதிரே நின்றால் அண்ணை என்றும்தான் அழைத்திருக்கிறோம்.

“முந்தி அளவெட்டிக்குச் சைக்கிளிலை மீன் கொண்டு வந்தவர்” என்றேன்.

“அங்கை எத்தினை பேர் போனவை, ஐயா” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி வலைக்குக் குனிந்தார்.