வைமார் நகரமும் ஒரு குன்றும்

ஜெர்மனி தேசத்தின் மத்தியில், டூரிங்கியா மாகாணத்திலே, வைமார் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. இலக்கியப் பற்றுள்ளோருக்கு அது ஒரு க்ஷேத்திரம். நம் காளிதாஸனுடைய சாகுந்தலத்தைப் படித்துப் பரவசமடைந்த மகாகவி கெதே நெடுங்காலம் வாழ்ந்து, 1832-ல் காலமானது இவ்வூரில்தான். நாடக சாலையின் முன்னே கெதேயும் அவருடைய நண்பர் ஷில்லரும் சிலை வடிவில் அருகருகே நிற்கின்றனர். 1919-ல் ஜெர்மானியக் குடியரசின் அரசியல் சட்டம் நிறைவேறியதும் அதே நாடக சாலையில்தான்.

ஊருக்கு வடக்கே சில மைல் தூரத்தில் எட்டர்ஸ்பெர்க் என்னும் குன்று தெரிகிறது. கெதே உலாவி மகிழ்ந்த அந்தக் காட்டிலே 1937-ல் நாஜிகள் பூகன்வால்ட் சிறை முகாமை அமைத்தனர். சுமார் 56,000 பேர் அங்கே மாண்டனர். 1945 ஏப்ரலில், அமெரிக்கப் படையினர் வைமார் வாசிகள் சுமார் ஆயிரம் பேரை அக்குன்றின்மேல் அழைத்துச் சென்று, நடந்ததைக் கண்ணால் பார்க்கச் செய்தனர்.

கவிதை விளைந்த பூமியில் இந்த நச்சு மரம் எவ்வாறு வேரூன்றியது? 1929 டிசம்பரில் நடந்த மாகாணத் தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தவை 53-ல் ஆறே ஸ்தானங்கள். ஆனால் மந்திரி சபை அமைக்க மற்ற வலதுசாரிக் கட்சிகளுக்கு அந்த ஆறு பேர் தேவைப்பட்டனர். 1930 ஜனவரியில் வில்ஹெல்ம் ஃபிரிக் என்னும் நாஜி மந்திரியானார். அவர்கள் கேட்டு வாங்கிய இலாகாக்கள் எவை? உள்நாட்டு இலாகாவும் கல்வி இலாகாவும். அதாவது, போலீஸும் பள்ளிக்கூடமும்! துவேஷம் கலந்த பிரார்த்தனைகள் பள்ளிகளில் புகுந்தன. 1931-ல் ஃபிரிக் பதவி இழந்தார். ஆயினும் 1932-ல் அக்கட்சி 42.5 சதவிகித வோட்டுடன் திரும்பி வந்தது.

அதே டூரிங்கியாவில், 2024 செப்டம்பர் 1-ந் தேதி நடந்த தேர்தலில், 'ஜெர்மனிக்கான மாற்று' என்னும் கட்சி 32.8 சதவிகித வோட்டுப் பெற்று, 88-ல் 32 ஸ்தானங்களைக் கைப்பற்றியது. நாஜி ஆட்சி ஒழிந்தபின் தீவிர வலதுசாரிக் கட்சியொன்று ஒரு ஜெர்மன் மாகாணத் தேர்தலில் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. அங்கே அதன் தலைவரான பியோர்ன் ஹெக்கே முன்னாளில் சரித்திர உபாத்தியாயர். நாஜி அடியாட் படையின் கோஷத்தை மேடையில் கூறியதற்காக 2024-ல் நியாயஸ்தலம் அவருக்கு அபராதம் விதித்தது. சரித்திரம் போதிக்கும் எம்போன்றோரைத் தலைகுனியச் செய்யும் செய்தி இது.

வோட்டளித்தோர் அனைவரும் கொடியவரல்லர். 1990-ல் இரு ஜெர்மனிகளும் ஒன்றானபின் கிழக்கே ஆலைகள் பல மூடப்பட்டன. வாலிபர்கள் பிழைப்புத் தேடி மேற்கே சென்றனர். ஊர்களில் முதியோரே மிகுந்தனர். அவர்களுடைய குறை மெய்; அதற்கெல்லாம் அகதியே காரணம் என்று சுட்டும் விரல்தான் பொய்.

ஆனால் அன்றுபோல் மற்றக் கட்சிகள் இம்முறை கதவைத் திறக்கவில்லை. 2024 டிசம்பரில் மூன்று கட்சிகள் கூடி, சரிபாதியான 44 ஸ்தானங்களைக் கொண்டே மந்திரி சபை அமைத்தன. கதவு எத்தனை நாள் தாங்கும்? 2025 பிப்ரவரியில் நடந்த தேசியத் தேர்தலில் அம்மாகாணத்தில் அக்கட்சியின் வோட்டு 38.6 சதவிகிதமாக ஏறியது.

பூகன்வால்ட் முகாமின் வாயிலில், 'அவனவனுக்கு உரியது அவனவனுக்கு' என்ற வாசகம் இரும்பு எழுத்துக்களில் இன்றும் இருக்கிறது. வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது இடவலம் மாறித் தோன்றும். உள்ளே அகப்பட்டவர்தாம் அதை நேராகப் படிக்க முடியும்.