பதிவுக் கருவியும் யாமும்

கிளிக்குச் சொற்களைப் பயிற்றுவோர் பலர். அச்சொற்களின் பொருளைப் பயிற்றினோர் மிகச் சிலரே. இவ்வுண்மையை யாம் 2024ஆம் ஆண்டில் கிளியிடமன்றிக் கணிப்பொறியிடம் கற்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்குக் கணிப்பொறியோடு என்ன வழக்கு என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். எம் வழக்கு முடிவில் எழுத்திலக்கணத்தில் வந்து நின்றமையின் அதனை இப்பக்கங்களில் எழுதத் துணிந்தோம்.

நூலகத்தின் நூற்பட்டியலைக் கணிப்பொறியில் தேடிக் காணுமாறு எம் கல்லூரியார் அமைத்து வந்த காலம் அது. நிரலில் சிறு திருத்தம் நேருந்தோறும், முன் செவ்வனே நடந்தவை கெடாமல் இருக்கின்றனவா என்று ஒருவர் அமர்ந்து, நூற்பெயரை இட்டு, பொத்தானை அழுத்தி, விடையைப் பார்த்தல் வேண்டும். நாற்பது நூல்களுக்கு இங்ஙனம் செய்து முடிக்க ஒரு பிற்பகல் கழியும். இப்பணி எமக்கு வாய்த்தது. சிறிது ஊதியமும் உண்டு.

கை சலித்த யாம் செலினியம் ஐ.டி.ஈ. என்னும் பதிவுக் கருவியை நாடினோம். செலினியம் 2004இல் சிகாகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதனைச் சார்ந்த இக்கருவியை ஜப்பானியராகிய ஷின்யா கசதானி இயற்றி 2006இல் அத்திட்டத்திற்கு அளித்தார். இஃது உலாவியினுள் அமர்ந்து, நாம் அழுத்தும் பொத்தானையும் இடும் சொல்லையும் வரிவரியாகக் குறித்துக்கொள்ளும். பின்னர் ஏவினால் அவற்றையே தானாகச் செய்து காட்டும். நிறைவேறிய வரி பச்சை நிறம் பெறும். தவறிய வரி சிவக்கும்.

முதல் நாள் யாவும் பச்சை. மறுநாள் இரண்டாம் வரியே சிவந்தது. தேடற்பொத்தான் எம் கண்முன் நிற்க, அத்தகைய பொத்தான் இல்லை என்றது கருவி. ஆராய்ந்தபோது, அப்பொத்தானுக்குரிய அடையாளப் பெயரின் இறுதியில் ஓர் எண் இருத்தலையும், பக்கத்தைத் திறக்குந்தோறும் அவ்வெண் மாறுதலையும் கண்டோம். கருவி நேற்றைய எண்ணையே தேடியலைந்தது. பொத்தானின்மேல் எழுதப்பட்டிருந்த சொல்லைக்கொண்டு அதனை அறியுமாறு வரியைத் திருத்தினோம்; தடை நீங்கிற்று.

அடுத்து வேறொரு நோய் தோன்றிற்று. மெல்ல இயக்கினால் தவறாத பதிவு விரைந்து இயக்கினால் தவறியது. இவ்வேறுபாடே காரணத்தைக் காட்டிக் கொடுத்தது. யாம் கையால் செய்தபோது விடை வருமளவும் காத்திருந்தோம். காத்திருத்தல் அழுத்தலும் அன்று, எழுதலும் அன்று. ஆதலின் அது பதிவில் ஏறவில்லை. விடைப்பகுதி தோன்றுமளவும் பொறுக்குமாறு ஒரு வரியை யாமே சேர்த்தோம்.

மூன்றாவது இடுக்கணே எம்மை வீழ்த்தியது. "விடையில் இந்நூற்பெயர் உளதா?" என்று வினவும் வரி ஒவ்வொரு தேடலின் இறுதியிலும் உண்டு. ஆத்திசூடிக்கு அது பச்சை. கொன்றை வேந்தனுக்குச் சிவப்பு. இவ்வாறு ஏழு நூல்கள் தவறின. அயல்நாட்டுக் கருவி எம் எழுத்தை யாங்ஙனம் அறியும் என்று அதன்மேல் பழியைச் சுமத்தினோம். கையால் ஒருமுறை தேடியிருப்பின் உண்மை விளங்கியிருக்கும், அது செய்திலோம். மறுநாள் பணியை ஒப்படைத்தாக வேண்டும். ஆகவே அவ்வேழு வினாக்களையும் அழித்தோம். எல்லாம் பச்சையாயிற்று! கேளாத வினாவிற்குத் தவறான விடை ஏது? ஊதியத்தையும் பெற்றுக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெளியூரிலிருந்து பேருந்தேறி வந்து, கொன்றை வேந்தனின் பழைய உரைப்பதிப்பைப் பட்டியலில் தேடினார். "இல்லை" என்று விடை வந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்படும் வேளையில் நூலகர் கண்டு வினவி, தாமே சென்று அலமாரியிலிருந்து அந்நூலை எடுத்துத் தந்தார். பின்னர் எம்மை அழைத்து, "தம்பி, நீ பார்த்து முடித்த பட்டியல்தானே இது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

அன்று மாலை அவ்வேழு நூற்பெயர்களையும் ஒருங்கே எழுதிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய் ஒன்று இருந்தது. ஆத்திசூடியில் அஃது இல்லை. யூனிகோடு முறையில் 'கொ' என்பதை, ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் அமைக்கலாம். ககரத்துடன் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் அவ்வாறே ஒப்பிடுங்கால் இரண்டும் வேறு. பட்டியலிலிருந்த பெயரின் முதலெழுத்தை மட்டும் எடுத்து, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினோம்; கால் மறைந்து 'கெ' எஞ்சியது. யாம் விசைப்பலகையில் எழுதிய 'கொ'வில் அவ்வாறே அழுத்தினோம். ககரம் மட்டும் எஞ்சியது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பெற்ற பெயர்களே இங்ஙனம் பிளவுபட்டிருந்தன. கருவி பிழைத்ததன்று, உள்ளதையே உரைத்தது.

இருவகை அமைப்பும் ஒன்றாகவே கொள்ளத்தக்கவை என்பது யூனிகோடு நெறி. ஆயினும் ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்குதல் நிரல் எழுதுவோர் கடமை. கணிப்பொறி வகுப்பு நண்பர்கள், சேமித்த பெயருக்கும் தேடும் சொல்லுக்கும் அம்மாற்றத்தைச் செய்தனர். அழித்த ஏழு வினாக்களையும் யாம் மீண்டும் எழுதி ஏவினோம். ஏழும் பச்சையாயின.

நூலகரிடம் நடந்ததை மறையாது கூறி, ஊதியத்தைத் திருப்பித் தர முற்பட்டோம். அவர் வாங்கிலர். "அந்த ஏழு வரிகளை இனி அழிக்காதே" என்றார்.

நம் செயலைப் பதிந்து திரும்பச் செய்தல் கருவியின் தொழில். செய்தது சரிதானா என்று வினவுதல் நம் தொழில். அவ்வினாவை நீக்கிவிட்டுப் பெறும் பச்சை நிறத்தால் ஒருவர்க்கும் பயனில்லை. நம்பி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதே அதன் விளைவாகும். தேர்வுக்கு உரைநூலை நெட்டுருச் செய்து, ஐயம் எழுந்த இடங்களைத் தாண்டிச் செல்லும் எம்மனோர்க்கும் இது பொருந்தும் என்றே கருதுகின்றோம்.