முதல் எழுத்து ஜே

"ஏனுங்க வக்கீலய்யா, ஆர்.சி. புக்கு சர்க்காரு குடுத்ததுதானுங்களே?"

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்தப் பெரியவர் மூன்றாவது முறையாக இதையே கேட்டார். மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து என் மேசையில் பரப்பினார். ஆர்.சி., இன்சூரன்ஸ், வடக்கே ஒரு மலை மாநிலத்துப் பதிவு அலுவலகம் கொடுத்த என்.ஓ.சி., இங்கே வந்து கட்டிய சாலை வரி ரசீது. ஒன்றிலும் குறை தெரியவில்லை. வண்டிதான் இல்லை. முதல் நாள் காலையில் சுங்கத் துறையினர் தோட்டத்துக்கே வந்து, மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓட்டிப் போய்விட்டார்கள்.

வண்டி பழைய டொயோட்டா லேண்ட் குரூசர். ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். விலை 14 லட்சம். 9 லட்சம் வங்கி வழியாக, 5 லட்சம் ரொக்கம். ஏழு மாதம் ஓட்டியிருக்கிறார். சம்மனில் 'கடத்தல்' என்ற சொல்லைப் படித்ததிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்றார். அறுபது வயதுக்கு மேல், ஒரு போக்குவரத்து அபராதம்கூடக் கட்டாத மனிதர். அவருக்கு வண்டி போனதைவிட அந்தச் சொல்தான் பெரிய அடி.

அந்தத் தாள்களில் கடைசியாக இருந்ததில்தான் என் கண் நின்றது. சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட். ஆர்.டி.ஓ. வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழும்பும். லேண்ட் குரூசரில் அது முன்பக்க வலது சக்கரத்தின் அருகே இருக்கும். புரோக்கர் தேய்க்கும்போது டார்ச் பிடித்தது நான்தானுங்க என்றார் பெரியவர். அந்த எண்ணின் முதல் எழுத்து ஜே.

இந்தியாவில் தயாரான காரின் பதினேழு எழுத்து எண் எம்மில் தொடங்கும். ஜே என்றால் ஜப்பான். அப்படியானால் வண்டி இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வந்ததென்றால் யாரோ, எந்தத் துறைமுகத்திலோ 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்து வரி கட்டியிருக்க வேண்டும். அந்தத் தாள் பையில் இல்லை. ஏழு மாதமும் உண்மை அந்தப் பென்சில் கரிக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

வண்டி பூட்டானிலிருந்து வந்தது என்று விசாரணையில் தெரிந்தது. மேற்கு வங்கத்தின் ஜெய்காவ்ன் ஊருக்கும் பூட்டானின் புன்ட்ஷோலிங்குக்கும் நடுவே ஒரு நுழைவு வளைவுதான். அங்கும் நம்மைப்போல் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலதுபக்கம். எல்லை தாண்டிய வண்டியின் நம்பர் பிளேட்டை மாற்றிவிட்டால் யார் கண்ணையும் உறுத்தாது. பூட்டானில் விளைந்த, தயாரான பொருளுக்கு நம் நாட்டோடு தடையில்லா வணிகம் உண்டு. ஜப்பானில் தயாரான கார் பூட்டானில் ஓடியதாலேயே பூட்டான் பொருளாகிவிடாது. பழைய கார் இறக்குமதிக்கு நம் விதிகள் கடுமையானவை. தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும். அடிப்படைச் சுங்கமே பல வருடங்கள் 125 சதவீதமாக இருந்தது. இந்தச் சுவரைத் தாண்டத்தான் போலி ஏலக் கடிதமும், கேள்வி கேட்காத ஒரு பதிவு அலுவலகமும் தேவைப்பட்டன. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தி முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மஞ்சப்பைதான். நும்கோர் என்றால் பூட்டானின் ஜோங்கா மொழியில் வண்டி.

பெரியவரின் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆர்.சி. சர்க்கார் கொடுத்ததுதான். ஆனால் வண்டி யார் பேரில் ஓடுகிறது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. முறைப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்கு அல்ல. 1962ஆம் வருடச் சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவில் பறிமுதல் என்பது பொருளின் மேல் விழுவது. பத்துக் கை மாறியிருந்தாலும், கடைசிக் கை சுத்தமான கையாக இருந்தாலும், பொருள் மாட்டும். இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அரசாங்கத்தின் ஒரு அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்ததை நம்பியவனை இன்னொரு அலுவலகம் கூப்பிட்டு விசாரிக்கிறது. இது அநியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆளைக் காப்பாற்றச் சட்டத்தில் இடம் இருந்தது. கடத்தல் பொருளை வாங்கியவருக்கு 112ஆம் பிரிவில் அபராதம் போடவேண்டுமென்றால், அது பறிமுதலுக்கு உரிய பொருள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். வங்கி வழியாகப் பணம் அனுப்பி, தன் பேரிலேயே மறுபதிவு செய்து, வரியும் கட்டியவர் எதை மறைத்தார்? சுங்க அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அபராதம் இல்லை என்று உத்தரவு வந்தது. வண்டியை மீட்க வாய்ப்பும் கொடுத்தார்கள். ஆனால் மீட்புத் தொகையும் அதோடு கட்டவேண்டிய வரியும் சேர்ந்தால் வாங்கிய விலையைத் தாண்டியது. "வேண்டாமுங்க" என்றார் பெரியவர்.

மிச்சம் இருந்தது விற்றவரோடு வழக்கு. சார்பு நீதிமன்றத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தாவா போட்டோம். 'உள்ளது உள்ளபடி பார்த்துத்தான் வாங்கினார், ஏழு மாதம் ஓட்டியும் இருக்கிறார்' என்பது எதிர்த்தரப்பு வாதம். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை எடுத்தேன்: விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும், வாங்கியவர் தொல்லையில்லாமல் வைத்து ஆள முடியவேண்டும். சட்டக் கல்லூரியில் எல்லாரும் படித்த 1923ஆம் வருட இங்கிலாந்து வழக்கு, ரோலண்ட் எதிர் டிவால், துணைக்கு வந்தது. அங்கே திருட்டுக் காரைத் தெரியாமல் வாங்கியவருக்கு, கார் சில மாதம் பயன்பாட்டில் இருந்த பிறகும் முழு விலையும் திரும்பக் கிடைத்தது.

ஆனால் வழக்கை ஜெயித்துக் கொடுத்தது டெலிவரி நோட். பழைய வண்டி வாங்கினால் கொடுக்கிற, கடையில் விற்கும் அச்சடித்த தாள். 'இந்த நேரத்துக்கு முன் ஏற்பட்ட போலீஸ், கோர்ட், ஆர்.டி.ஓ. சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் விற்பவரே பொறுப்பு' என்று அதில் ஒரு வரி. கீழே நீல மையில் 'மாலை 4.10'. விற்றவரின் கையெழுத்து. அந்த வண்டி எல்லை தாண்டியது 4.10க்கு முன்னால்தானே என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். அவர் தண்ணீர் கேட்டார்.

9 லட்சத்துக்கும் வட்டிக்கும் தீர்ப்பானது. ரொக்கமாகக் கொடுத்த 5 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அது போனது போனதுதான்.

இரண்டு வருடம் கழித்துப் பெரியவர் மருமகனோடு வந்தார். தேங்காய் ஏற்ற ஒரு பழைய பிக்கப் பார்த்திருக்கிறார்களாம். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். அவரே தேய்த்த பென்சில் பிரிண்ட். விரல் நுனியெல்லாம் கரி.

"எம்முல ஆரம்பிக்குதுங்க. வேறென்ன பாக்கோணும்?"

"டெலிவரி நோட்டில் இந்தத் தடவை முழுத் தொகையையும் எழுதி வாங்குங்க ஐயா" என்றேன். மருமகன் போனில் குறித்துக்கொண்டார்.