மலை ஏறுமுன் பாதத்தைப் பாருங்கள்

உலு திராமிலிருந்து நெடுஞ்சாலையில் கோத்தா திங்கிக்குப் போய், அங்கிருந்து லொம்போங் பக்கம் திரும்பினால் நீர்வீழ்ச்சி. அதற்கு மேலே முந்தாஹாக் மலை. விடுமுறையில் பிள்ளைகளோடு போய் வாருங்கள். காடு கண்ணுக்குக் குளிர்ச்சி, பாதத்துக்கோ சோதனை!

கொப்புளம் தூரத்தால் மட்டும் வருவதில்லை. அடிவைக்கும்போதெல்லாம் உள்ளே எலும்பு நகர்கிறது. காலுறையோடு ஒட்டிய தோல் பின்தங்கி இழுபடுகிறது. இப்படி இழுபட்டு இழுபட்டு மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து, நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையும் மழையும் தோலை ஊறவைத்தால் உராய்வு கூடும். புதுச் சப்பாத்தும் முதுகுச் சுமையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். செம்பனைக் காட்டுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிப் போகும் நமக்கும் இதே கதைதானே?

ஆகவே, பழகிய சப்பாத்தையே அணியுங்கள். உலர்ந்த காலுறை ஒரு ஜோடி கூடவே இருக்கட்டும். ஓரிடம் எரியத் தொடங்கினால் உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளத் தோலை உரிக்காதீர்கள். காயத்துக்கு அதுவே மூடி.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே புண் ஆழமாகலாம்; காலையே இழக்கவும் நேரலாம். அவர்கள் தாமதிக்காமல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

மலை எங்கும் போகாது. கால் போனால் வருமா?