முழங்கையின்மேல் எழுந்த ஐயம்

கொள்ளிடம் வற்றிய கோடை மாலைகளில், திருவரங்கக் கரையருகே டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் காண்கிறோம். அவர்களைக் காணுந்தோறும் நம் நினைவுக்கு வருபவர் தங்கராசு நடராஜன். 2023இல் தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் திருச்சி அணிக்குப் பந்து வீசியவர். (அவ்வணியின் ஆட்டம் ஒன்றேனும் அவ்வாண்டு திருச்சியில் நடைபெறவில்லை என்பது நம் மனக்குறை.)

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் எளிய நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அவரும் டென்னிஸ் பந்தில் பழகியவரே. 2015 சனவரியில் வங்காளத்திற்கு எதிராக முதன்முறை ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். அப்போது அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்ற ஐயம் எழுந்தது. அமெரிக்கரின் பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறிவதே பந்தெறிபவரின் தொழில். கிரிக்கெட்டிலோ மடங்கிய முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் குற்றம். களவு செய்தவனுக்குத் தன் களவு தெரியும். கை நிமிர்வதோ பந்து வீசுபவனுக்கே தெரிவதில்லை! உலகம் தன்னை அறிந்துகொண்ட ஒரே திறமையின்மேல் 23 வயதில் பழி விழுந்தால் ஓர் ஏழை இளைஞன் என்ன செய்வான்?

நடராஜன் வாதாடவில்லை, பந்துவீச்சைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் கற்றார். 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. 2020இல் மகள் பிறந்த செய்தியை அயல்நாட்டிலிருந்தே கேட்டார். வலைப்பயிற்சியில் பந்து வீசவென்று ஆஸ்திரேலியா சென்றவர், பிறர் காயமுற்றதால் அணியில் இடம்பெற்று, 2021 சனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வாண்டே முழங்காலில் அறுவை சிகிச்சை.

2023இல் தம் ஊர்ப் பிள்ளைகள் பழகுவதற்கென்று சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானத்தை அமைத்தார்.