புகையே அடையாளமாய் நின்ற ஊர்

நம் நாட்டில் ஓர் ஊரை நெருங்கும்போது முதலில் கோயில் கோபுரம் தெரியும். இல்லையேல் தோப்பும் ஏரிக்கரையும் தென்படும். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்திலுள்ள நிக்கோடமஸ் என்னும் ஊருக்கோ, ஒரு காலத்தில் புகை ஒன்றே அடையாளமாயிருந்தது. 1878-ஆம் வருஷம் கென்டக்கியிலிருந்து கணவருடன் அங்கு வந்த வில்லியானா ஹிக்மன் அம்மாள், "ஊர் எங்கே?" என்று தேடினாராம். பூமியிலிருந்து கிளம்பிய புகையைக் காட்டி, அதுதான் ஊர் என்றார்கள். அம்மாள் அழுதேவிட்டார். மரமே இல்லாத அந்தப் புல்வெளியில் ஜனங்கள் நிலத்தைக் குடைந்து, அதற்குள்ளேயே குடியிருந்தார்கள்.

அவர்கள் யார்? அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை கிடைத்ததே யொழிய, விதைப்பதற்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடைக்கவில்லை. ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் உரிமையாகும் என்று 1862-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று கூறிற்று. அதை நம்பி 1877-இல் இவ்வூர் ஸ்தாபிக்கப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பரில் சுமார் 300 பேர் எல்லிஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, ஏறக்குறைய 35 மைல் நடந்து வந்து சேர்ந்தார்கள்.

துண்டுப் பிரசுரங்களில் கண்ட செழிப்பு எங்கே, கண்ணெதிரே கிடந்த கட்டாந்தரை எங்கே! பல குடும்பங்கள் திரும்பிவிட்டன. எஞ்சியவர்கள், குதிரையும் கலப்பையும் போதாமல், மண்வெட்டியால் நிலத்தைத் திருத்தினார்கள். முதற் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் உணவளித்துக் காத்ததாக அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஜென்னி பிளெட்சர் என்னும் மாது ஊரின் முதல் உபாத்தியாயினி ஆனார். இங்கே குடியேறிய எட்வர்டு மக்கேப் 1882-இல் மாகாணத்தின் கணக்குத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வங்கி, ஹோட்டல்கள், இரண்டு பத்திரிகைகள் எல்லாம் தோன்றின.

ரயில் பாதை வந்தால் ஊர் நகரமாகிவிடும் என்று 1887-இல் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஊரார் சம்மதித்தார்கள். ரயிலோ மறு வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் போயிற்று. வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு அக்கரையிலுள்ள போக் என்னும் ஊருக்குப் போனார்கள். 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் மேலும் பலரை விரட்டின. 1953-இல் தபாலாபீஸும் மூடப்பட்டது.

இன்று அங்கே வசிப்பவர்கள் வெகு சிலரே. ஆயினும் 1996 முதல் நிக்கோடமஸ் தேசிய சரித்திர ஸ்தலமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஜூலை மாதக் கடைசியில் ஆண்டுதோறும், தேசமெங்கும் சிதறிய சந்ததியார் பிள்ளை குட்டிகளுடன் அங்கே கூடி, விடுதலையைக் கொண்டாடுகிறார்கள்.

ரயில் தப்பினால் ஊர் தப்பாது என்பது வியாபாரியின் கணக்கு. பிறர் நிலத்தில் பிறருக்காகவே உழுது மாய்ந்தவர்களின் பேரர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. தங்கள் மூதாதையர் முதன்முதலில் "என்னுடையது" என்று சொன்ன மண் இது. அந்தச் சொல்லுக்காகவே அவர்கள் வருகிறார்கள்.