ஒன்பது பேர் கூட்டணி

டிராவியன் என்று ஒரு விளையாட்டு. 2004-ல் ஜெர்மனியில் ஆரம்பித்தது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ப்ரவுசர் இருந்தால் போதும். ஒரு குட்டி கிராமம் கொடுப்பார்கள். மரம், களிமண், இரும்பு, தானியம் இந்த நாலையும் சேர்த்து ஊரை வளர்க்க வேண்டும், படை திரட்ட வேண்டும். ஆரம்பத்தில் ரோமர், டியூட்டன், கௌல் என்று மூன்று இனங்கள் இருந்தன. கடைசியில் ஏதாவது ஒரு கூட்டணி உலக அதிசயம் ஒன்றைக் கட்டத் தொடங்கி அதை 100-வது நிலைக்குக் கொண்டுபோகும். அத்தோடு அந்த சர்வர் முடிந்தது. சாதாரண சர்வர் ஒன்று முடியக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும்.

இதில் உள்ள பெரிய வம்பே, நீங்கள் தூங்கினாலும் விளையாட்டு தூங்காது என்பதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு எவனாவது வந்து இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு போவான். காலையில் பல் தேய்க்காமல் லாகின் செய்து பார்த்தால் கிடங்கு காலி. அதனால்தான் கூட்டணி என்ற ஒன்று தேவைப்படுகிறது.

2008-ல் அப்படி ஒரு கூட்டணியை ஆரம்பித்தான் ஓர் இன்ஜினியரிங் மாணவன். அப்போது அவன் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலுக்கு எதிரே இருந்த ப்ரவுசிங் சென்டர்தான் அவனுடைய தலைமைச் செயலகம். விளையாட்டில் தூதரகம் என்று ஒரு கட்டடம் உண்டு. அதை மூன்றாம் நிலைக்கு உயர்த்தினால் சொந்தமாகக் கூட்டணி தொடங்கலாம், 9 பேர் சேரலாம். அதன்பிறகு ஒவ்வொரு நிலைக்கும் 3 பேர் கூடுதல். 20-வது நிலையில் 60 பேர். அதற்கு மேல் இடம் கிடையாது. பெரிய கூட்டணிகள் 60 நிரம்பியதும் அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு கிளையைத் திறந்துவிடுவார்கள்.

இவன் மூன்றாம் நிலையோடு நிறுத்திக்கொண்டான். களிமண் பற்றாக்குறை எல்லாம் இல்லை. "ஒன்பது பேர்னா யாருக்கு எப்ப பரீட்சைன்னு ஞாபகம் வச்சுக்கலாம். அறுபது பேரை வச்சுக்கிட்டு என்னடா பண்றது?" என்று அறைத்தோழனிடம் சொன்னான். அந்த அறைத்தோழன்தான் இரண்டாவது உறுப்பினர்.

மற்றவர்கள் எல்லாம் வரைபடத்தில் அக்கம்பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். திருச்சியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தங்கை. போலந்துக்காரர் ஒருவர், அவருக்கு மட்டும் ஆங்கிலத்தில் மெசேஜ். இன்னும் நாலு பேர். எல்லோருமே சாதுக்கள். யாரிடமும் பெரிய தாக்குதல் படை கிடையாது.

ஆனால் பக்கத்து ஊர்க்காரர்களாக இருப்பதில் ஒரு பெரிய லாபம் இருந்தது. கோட்டையை இடிக்கும் கவண்கள் இந்த விளையாட்டில் மணிக்கு 3 கட்டம்தான் நகரும். மொத்தப் படையும் அதிலேயே மெதுவான ஆளின் வேகத்தில்தான் போக முடியும். 30 கட்டம் தள்ளி இருப்பவன் கவணோடு கிளம்பினால் வந்து சேர 10 மணி நேரம். கௌல் இனத்தின் ஃபாலன்க்ஸ் வீரர்களோ மணிக்கு 7 கட்டம் நடப்பார்கள். 21 கட்டத்துக்குள் இருக்கும் நண்பன் 3 மணி நேரத்தில் உதவிக்கு வந்துவிடலாம். எங்கோ இருக்கும் 60 பேரைவிடப் பக்கத்தில் இருக்கும் எட்டுப் பேர் மேல் என்ற கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது.

நேரக் கணக்கும் அப்படித்தான். இந்தியாவில் ராத்திரி 2 மணி என்றால் குளிர்காலத்தில் போலந்தில் இரவு 9.30. சிங்கப்பூரில் 4.30. போலந்துக்காரர் படுக்கப் போகும்போது அண்ணன் எழுந்துவிடுவார். இடையில் யாருமே விழித்திராத நேரம் ஓரிரண்டு மணிதான். இதை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தான். சர்க்யூட்ஸ் நோட்டின் கடைசிப் பக்கம் அது.

விதி என்று அவன் போட்டது ஒன்றே ஒன்று. "லீவு வேணும்னா சொல்லிட்டுப் போங்க." அவ்வளவுதான். மக்கள்தொகை இவ்வளவு இருக்கணும், வாரத்துக்கு இத்தனை தாக்குதல் ரிப்போர்ட் காட்டணும் என்கிற பெரிய கூட்டணிகளின் கெடுபிடி எதுவும் கிடையாது. கிராமத்தைப் பார்த்துக்கொள்ள விளையாட்டிலேயே ஒரு வசதியும் இருந்தது. நம் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே இரண்டு பேரைக் காவலாளாகக் குறித்து வைக்கலாம். அவர்கள் தங்கள் கடவுச்சொல்லை வைத்தே உள்ளே வந்து படையை நகர்த்தலாம், கட்டடம் கட்டலாம். சொல்லிவிட்டுப் போனவர்களின் ஊர் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கைக்கு அரையாண்டுத் தேர்வு வந்தபோது இரண்டு வாரம் அவள் ஊரை அண்ணனும் அறைத்தோழனும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு மாதம் இப்படி நன்றாகத்தான் போனது. அப்புறம் செமஸ்டர் ரிசல்ட் வந்தது.

கணக்குப் பேப்பரில் அரியர். வீட்டுக்குச் சொன்னபோது அப்பா போனில் திட்டவில்லை. "சரி, பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. அன்றிலிருந்து ப்ரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. அறைத்தோழன் அந்த நேரம் பார்த்து அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான் (அவன் சொல்லிவிட்டுத்தான் போனான்). தலைவர் மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காவலாளும் குறிக்கவில்லை. எல்லோருக்கும் விதி போட்டவனுக்குத் தன் பெயருக்கு நேரே யார் பெயரையும் எழுதத் தோன்றவே இல்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் என்ன காரணம் என்று கேட்பார்களே. "தல" என்று கூப்பிடுகிறவர்களிடம் போய்க் கணக்கில் ஃபெயில் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தான். இரண்டு நாள் பன்னிரண்டு நாள் ஆனது.

பதிமூன்றாம் நாள் சென்டருக்குப் போனான். கிராமம் இடிந்து கிடக்கும், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அக்கவுண்டை அழித்துவிடலாம் என்றுதான் போனான். உள்ளே போனால் ஊர் அப்படியே இருக்கிறது. சுவர் கொஞ்சம் உடைந்திருந்தது, அவ்வளவுதான். ஊருக்குள் 400 ஃபாலன்க்ஸ் வீரர்கள் நிற்கிறார்கள். ஒருவர்கூட அவனுடைய ஆள் இல்லை.

ரிப்போர்ட்டுகளைப் பின்னாலிருந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு டியூட்டன் தினமும் வந்து கொள்ளையடித்திருக்கிறான். கூட்டணிப் பக்கத்தில் உறுப்பினர்கள் மேல் நடக்கும் தாக்குதல்கள் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்து நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் படையை அனுப்பியிருக்கிறார்கள், யாரும் கேட்காமலே.

படை அனுப்புவது சுலபம், சோறு போடுவதுதான் கஷ்டம். உதவிக்கு வந்த படை தங்கும் ஊரின் தானியத்தைத்தான் தின்னும். ஆளுக்கு மணிக்கு 1 என்றால் 400 பேருக்கு ஒரு நாளைக்கு 9,600. கிடங்கு காலியானால் வீரர்கள் பட்டினியில் சாகத் தொடங்குவார்கள். கௌல் வணிகர் ஒருவர் ஒரு நடைக்கு 750 தான் சுமப்பார். ஆக நாளுக்கு 13 நடை. ஊரின் சொந்த விளைச்சல் கொஞ்சம் ஈடு கட்டியிருக்கும். மீதியை யாரோ தினமும் உட்கார்ந்து அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் பக்கம் முழுக்க அதுதான். அண்ணன் தானியம் அனுப்பினார், போலந்துக்காரர் தானியம் அனுப்பினார், அண்ணன் தானியம் அனுப்பினார்...

பிறகு மெசேஜ்கள். முதலில் அண்ணனுடையது: "தம்பி, உடம்பு சரியில்லையா? ஊரைப் பத்திக் கவலைப்படாதே, நாங்க பார்த்துக்கிறோம்."

அடுத்தது தங்கையுடையது. ஐந்து நாளைக்கு முன்னால் வந்திருந்தது: "அண்ணா, என் ரெண்டாவது ஊருக்கு அட்டாக் வருது. உங்க ஊர்ல இருக்கிற என் படையைத் திருப்பிக் கூப்பிட்டுக்கலாமா?"

அதற்கடுத்ததும் அவளுடையதுதான். அடுத்த நாள் வந்தது: "அண்ணா, ரெண்டாவது ஊர் போயிடுச்சு. பரவாயில்லை. படை அங்கேயே இருக்கட்டும்."

அவனுடைய ஊரில் நின்ற 400 பேரில் 150 பேர் அவளுடைய ஆட்கள். அவள் படையை அவள் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு க்ளிக், யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் தலைவரிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று காத்திருக்கிறாள். தலைவர் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டாவது ஊருக்காக அவள் மூன்று குடியேறிகளையும் நாலு பொருளிலும் 750 வீதம் சேர்த்துக்கொண்டிருந்தபோது எத்தனை தடவை "இன்னும் இவ்ளோதான் அண்ணா பாக்கி" என்று எழுதினாள் என்பது அவனுக்குத் தெரியும்.

எல்லாம் வெறும் விளையாட்டு, ஸ்க்ரீனில் தெரியும் படங்கள்தான். அப்படிச் சொல்லிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவள் காத்திருந்தது படம் இல்லையே.

அன்று எல்லோருக்கும் ஒரே மெசேஜ் அனுப்பினான். சுற்றி வளைக்கவில்லை. கணக்கில் அரியர், யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் ஓடிவிட்டேன், தங்கையின் ஊர் போனதற்கு நான்தான் காரணம், தலைவராக வேறு யாராவது இருங்கள். நாலு வரி.

முதல் பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது. "எனக்கு மொத்தம் அஞ்சு அரியர் தம்பி. கடைசி ரெண்டும் முடிச்சுட்டுதான் பிளைட் ஏறினேன். முதல்ல படி." போலந்துக்காரர் அரியர் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கம் கொடுத்த பிறகு சிரிப்புக்குறி ஒன்று போட்டுவிட்டு மறுபடியும் 750 தானியம் அனுப்பினார். தங்கை மட்டும் இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. அந்த இரண்டு நாளும் அவனுக்கு ரிசல்ட் வந்த நாளைவிட மோசமாக இருந்தது.

மூன்றாம் நாள் எழுதினாள்: "சொல்லியிருந்தா நான் கேட்டுட்டு நிக்க மாட்டேன்ல அண்ணா."

அதற்குப் பிறகு கூட்டணி கொஞ்சம் மாறியது. தலைவர் உட்பட எல்லோரும் இரண்டு காவலாட்களைக் குறித்தாக வேண்டும். லீவுக்குக் காரணம் யாரும் கேட்கக்கூடாது, "வரமாட்டேன்" என்ற ஒரு சொல் போதும். தன் ஊருக்கு ஆபத்து என்றால் படையைத் திருப்பிக் கூப்பிட யாரிடமும் கேட்க வேண்டாம். அழைப்பு அனுப்புவது, மற்ற கூட்டணிகளோடு பேசுவது என்று தலைவர் கையில் மட்டும் இருந்த உரிமைகள் எல்லாம் அண்ணனுக்கும் போயின. விளையாட்டிலேயே அப்படி உரிமைகளைப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. அதை அவன் அதுவரை திறந்தே பார்த்ததில்லை.

நட்பாக இருக்கிறோம் என்று சொல்லும் சின்னக் கூட்டணிகள் உடைவது பெரும்பாலும் எதிரியால் இல்லை. யாரோ ஒருவர் சத்தமில்லாமல் போவார். மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களின் ஊர்தான் முதலில் போகும். அதிலும் போகிறவர் தலைவராக இருந்தால் இழப்பு அதிகம், ஏனென்றால் அவரைக் கேட்டுச் செய்வதுதான் மரியாதை என்று பழகியிருப்பார்கள். அறுபது பேர் கூட்டணியில் ஒருவர் காணாமல் போனால் நீக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்ப்பார்கள், வேலை முடிந்தது. ஒன்பது பேரில் அப்படி முடியாது. அன்பு அதிகம் உள்ள இடத்தில்தான் தகவல் அதிகம் தேவை. சாதாரணமாக எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

உலக அதிசயத்தை இவர்கள் கட்டவில்லை. அதற்கான தானியத்தை ஒன்பது பேரால் கனவில்கூட விளைவிக்க முடியாது. வேறொரு பெரிய கூட்டணி 100-ஐத் தொட்டது, சர்வர் முடிந்தது. அதற்கு முன்பே இரண்டு பேர் பெரிய கூட்டணிக்குப் போயிருந்தார்கள். சொல்லிவிட்டுத்தான் போனார்கள், போகும்போது கிடங்கில் இருந்த களிமண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த அரியரை அவன் அடுத்த முறையே முடித்துவிட்டான்.

தங்கை மறுபடியும் ஒரு இரண்டாவது ஊரை உண்டாக்கினாள். இந்தத் தடவை அந்த 750-களை அவள் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, எட்டுப் பேரும் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு அவள் வைத்த பெயர் "அண்ணன் எங்கே".

சர்வர் முடியும்வரை அந்தப் பெயரை அவள் மாற்றவில்லை. அவனும் மாற்றச் சொல்லவில்லை.